ஒளி கூடினால் பார்வை கூடுமா?



இரவுப் பயணம் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. சபுரிலிருந்து திரும்பும் மகனை அழைத்துவர நள்ளிரவில் திருச்சி விமான நிலையத்துக்குப் புறப்படுகிறோம். வெளியூர் நிக்காஹ் விருந்தை முடித்துக்கொண்டு, உறங்கும் குழந்தைகளை மடியில் கிடத்தியவாறு பின்னிரவில் வீடு திரும்புகிறோம். நோயுற்ற முதியவரை மதுரைக்கோ தஞ்சைக்கோ கொண்டுசெல்ல நேரும்போது நேரங்காலம் பார்க்க இயலுவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊரெல்லையைக் கடந்துவிட்டால், பல இடங்களில் தெருவிளக்கே இல்லாத நெடுந்தொலைவு தொடர்கிறது. அங்கே வண்டியின் முகப்பு விளக்கு ஒன்றே நமக்குத் துணை.

அந்த விளக்கு மங்கலாக இருந்தால் யாருக்கும் அச்சம் வருவது இயல்பு. ஓரளவு பழகிய கார்களில் ஹாலஜன் பல்பின் மஞ்சள் ஒளி போதவில்லை என்ற குறை பரவலாகக் கேட்கிறது. உதிரிபாகக் கடைக்குச் சென்றால், "இதைக் கழற்றி எறிந்துவிட்டு எல்.இ.டி. போட்டுவிடுங்கள், பகல் போல இருக்கும்" என்று அட்டைப்பெட்டி ஒன்றை நீட்டுகிறார்கள். கால்மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. வண்டியின் முன்புறம் வெள்ளை வெளேரென்று ஒளிர்கிறது. பணம் கொடுத்தவருக்கும் மனநிறைவு.

ஆனால், ஒளி கூடியதால் பார்வையும் கூடியதா? எதிரே வருபவரின் கண்ணுக்கு அந்த ஒளி என்ன செய்கிறது? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் விளக்கை மாற்றுவது, அளவு பாராமல் மருந்தை இரட்டிப்பாக்குவதைப் போன்றது.

ஹாலஜன் பல்பு எவ்வாறு எரிகிறது?

சாதாரண மின்பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்கிறது. சூட்டில் டங்ஸ்டன் சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியில் கரும்படலமாகப் படிகிறது. அயோடின், புரோமின் போன்ற ஹாலஜன் வாயுவைப் பல்பினுள் சேர்த்தால், ஆவியான டங்ஸ்டன் கண்ணாடியில் படியாமல் மீண்டும் இழையையே வந்தடைகிறது. அதனால் இழையை மேலும் சூடாக்கி, கூடுதல் ஒளியைப் பெற முடிகிறது. ஐரோப்பாவில் 1962ஆம் ஆண்டில் கார்களின் முகப்பு விளக்குக்கு இத்தகைய பல்பு வந்தது. இன்றும் நம் சாலைகளில் ஏராளமான வண்டிகளில் எரியும் எச்-4 என்னும் இரட்டை இழைப் பல்பு 1971இல் அறிமுகமாயிற்று.

12 வோல்ட் எச்-4 பல்பின் மீது 60/55 வாட் என்று பொறித்திருப்பதைக் காணலாம். 'பிரைட்' இழைக்கு 60 வாட், 'டிம்' இழைக்கு 55 வாட் என்பது அதன் பொருள். பன்னாட்டுத் தரவிதிப்படி பிரைட்டில் ஏறத்தாழ 1650 லுமெனும், டிம்மில் ஏறத்தாழ 1000 லுமெனும் ஒளி வர வேண்டும். வாட் வேறுபாடு வெறும் ஐந்துதான். ஒளியின் வேறுபாடு அதைவிட மிகுதி. இதற்குக் காரணம் உண்டு. டிம் இழையின் கீழே கிண்ணம் போன்ற சிறு உலோகத் தகடு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்குச் செல்லும் ஒளியை அது மறைத்துவிடுகிறது. அந்த ஒளி கீழ்ப்பாதியில் பட்டிருந்தால் மேல்நோக்கித் திரும்பி, எதிரே வருபவரின் கண்ணில் பாய்ந்திருக்கும்.

ஆகவே, டிம்மில் ஒளி குறைவாக இருப்பது தயாரிப்பாளரின் கருமித்தனமன்று. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பதற்காகவே அவ்வாறு திட்டமிட்டு அமைத்துள்ளார்கள்.

பல்பு மட்டும் விளக்காகாது

முகப்பு விளக்கு என்பது பல்பு, ரிஃப்ளெக்டர், முன்கண்ணாடி ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து செய்யும் வேலை. இழை எந்த இடத்தில், எந்த நீளத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதைக் கணக்கில் கொண்டே ரிஃப்ளெக்டரின் வளைவை அமைக்கிறார்கள். இழை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சாலையில் ஒளி விழும் இடம் மாறிவிடும்.

இந்தக் கணக்கின் விளைவைச் சுவரில் காணலாம். நல்ல நிலையிலுள்ள வண்டியைச் சுவரை நோக்கி நிறுத்தி டிம் விளக்கை எரியவிட்டால், மேலே இருளும் கீழே ஒளியுமாக ஒரு தெளிவான எல்லைக்கோடு தெரியும். நம் நாட்டுக்கான விளக்கில் அந்தக் கோடு இடப்புறத்தில் மட்டும் சற்றே மேலேறும். நாம் இடப்புறமாகச் செல்பவர்கள். நடந்து செல்பவரும், வழிப்பலகையும், மைல்கல்லும் இருக்கும் இடது ஓரத்துக்கு ஒளி நீள வேண்டும். எதிர் வண்டி வரும் வலப்புறத்தில் தாழ வேண்டும்.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் சகோதரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துபாயிலும் ரியாத்திலும் வண்டிகள் வலப்புறமாகச் செல்கின்றன. அந்நாட்டு வண்டிகளுக்கான முழு ஹெட்லைட் தொகுதியில் ஒளிக்கோடு வலப்புறத்தில் மேலேறும். விலை மலிவு என்று அதை வாங்கிவந்து இங்கே பொருத்தினால், மேலேறும் அந்த ஒளி நேராக எதிர் வண்டி ஓட்டுநரின் முகத்தில் விழும். நமக்குத் தேவையான இடது ஓரமோ இருட்டாகிவிடும்.

கடையில் கிடைக்கும் மூன்று வழிகள்

முதலாவது, 100/90 வாட் ஹாலஜன் பல்பு. வழக்கமான பல்பு பொருந்தும் இடத்திலேயே இதுவும் பொருந்திவிடும். தீங்கு மின்கம்பியில் தொடங்குகிறது. 60 வாட் பல்புகள் இரண்டும் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 100 வாட் பல்புகள் இரண்டும் ஏறத்தாழ 16.7 ஆம்பியர் இழுக்கும். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால், அதே கம்பியில் வெப்பம் ஏறத்தாழ இரண்டேமுக்கால் மடங்காகிறது. ஹோல்டர் உருகுவதும், ஸ்விட்ச் கருகுவதும், கம்பியின் மேலுறை இளகித் தீப்பிடிக்கும் நிலை வருவதும் இதனால்தான். மிகுந்த சூட்டில் ரிஃப்ளெக்டரின் பளபளப்பும் கெட்டுப்போகும்.

இரண்டாவது, எச்.ஐ.டி. எனப்படும் செனான் விளக்கு. இதில் இழை இல்லை. செனான் வாயு நிரம்பிய குழாயினுள் இரு முனைகளுக்கிடையே மின்வில் எரிகிறது. 1991இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் காரில் இது முதன்முதலாக வந்தது. 35 வாட்டிலேயே 3000 லுமெனுக்கு மேல் ஒளி தருவது இதன் சிறப்பு. ஆனால் ஐரோப்பிய நாடுகள் இதை வெறுமனே அனுமதித்துவிடவில்லை. பாரத்துக்கேற்ப விளக்கைத் தானாகவே தாழ்த்தும் அமைப்பும், முன்கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் உடன் இருக்க வேண்டும் என்று விதித்தன. கடையில் விற்கும் மாற்றுத் தொகுப்பில் இவை எவையும் இல்லை. ஹாலஜன் இழைக்கென வடித்த ரிஃப்ளெக்டரினுள் மின்வில்லை வைத்தால் ஒளி கண்டபடி சிதறும். பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் வேண்டும். முழு ஒளியை எட்டச் சில வினாடிகள் ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சாலைப் பாதுகாப்புத் துறையோ, ஹாலஜன் விளக்கில் இத்தகைய மாற்றுத் தொகுப்பைப் பொருத்துவது அந்நாட்டுத் தரவிதிக்கு உடன்பட இயலாதது என்றே அறிவித்தது.

மூன்றாவது, இன்று மிகுதியாக விற்பனையாகும் எல்.இ.டி. பல்பு. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. டிம் விளக்குடன் வந்த முதல் கார் 2007இல் வெளியான லெக்ஸஸ் எல்.எஸ். 600எச். அதில் விளக்குத் தொகுதி முழுவதும் எல்.இ.டி.க்கென்றே வடிவமைக்கப்பட்டிருந்தது. கடையில் வாங்கிச் சொருகும் பல்பின் நிலை வேறு. ஹாலஜன் இழை மெல்லிய சுருள். சுற்றிலும் ஒளி வீசுவது. எல்.இ.டி. சில்லுகளோ ஒரு தட்டையான தண்டின் இரு பக்கங்களில் ஒட்டப்பட்டவை. பக்கவாட்டில்தான் ஒளி மிகுதி. இழை இருந்த அதே புள்ளியில், அதே பருமனில் அவற்றை வைப்பது கடினம். பின்புறம் சூட்டைத் தணிக்கச் சிறு மின்விசிறியும் உலோக மடிப்புகளும் துருத்தி நிற்பதால், சில வண்டிகளில் ரப்பர் மூடியைச் சரியாக மூடவும் முடிவதில்லை. அவ்வழியே தூசியும் மழைநீரும் உள்ளே புகும்.

ஜெர்மனியில் 2020ஆம் ஆண்டில் ஆஸ்ராம் நிறுவனத்தின் எல்.இ.டி. மாற்று பல்பு ஒன்றுக்குச் சாலையில் பயன்படுத்த ஒப்புதல் கிடைத்தது. அந்த ஒப்புதலும் எல்லாக் கார்களுக்கும் பொதுவாகத் தரப்படவில்லை. சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் வகைகளுக்கு மட்டுமே தரப்பட்டது. ஒவ்வொரு ரிஃப்ளெக்டரோடும் சேர்த்துச் சோதிக்காமல் ஒரு பல்பு நல்லதா, கெட்டதா என்று சொல்ல முடியாது என்பதே அதன் பொருள்.

கண் ஏமாறும் விதம்

"எல்லாம் சரி, மாற்றிய பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிகிறதே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சிதறிய ஒளியில் பெரும்பகுதி வண்டிக்கு முன்னே பத்துப் பதினைந்து மீட்டருக்குள் விழுகிறது. அந்த இடம் பளிச்சென்று தெரிவதால், விளக்கு நன்றாக இருக்கிறது என்று மனம் சொல்கிறது. ஆனால் கண்ணின் பாவை அருகிலுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருங்கிக்கொள்கிறது. அதனால் தொலைவிலுள்ள மங்கலான பொருள் முன்பைவிடக் குறைவாகவே தெரியும். 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடும். ஆகவே பதினைந்து மீட்டருக்குள் தெரியும் பள்ளத்தை நாம் காண்பதற்கும் அதில் இறங்குவதற்கும் இடையே ஒரு வினாடிகூட இல்லை. உயிர் காப்பது தொலைவில் விழும் ஒளியே, காலடியில் விழுவதன்று.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒளி, தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் குறைவது. இருமடங்கு தொலைவில் அதே வெளிச்சம் வேண்டுமானால் நான்கு மடங்கு ஒளி வேண்டும். 60 வாட்டை 100 வாட்டாக உயர்த்தி, ஒளியும் அதே விகிதத்தில் உயர்ந்தாலும், எட்டும் தொலைவு கால்பங்குக்குச் சற்று மேலாகவே கூடும். அதற்காகக் கம்பி முழுவதையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறோம்.

எதிரே இருப்பவர் யார்?

இப்போது சாலையின் மறுபக்கத்துக்கு வருவோம். கூசும் ஒளி கண்ணில் பட்டால், அது நீங்கிய பின்னும் பார்வை தெளியச் சிறிது நேரம் ஆகும். மூன்று வினாடி மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும், 60 கி.மீ. வேகத்தில் வருபவர் 50 மீட்டர் தொலைவை ஏறக்குறையக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார் என்று பொருள். அந்த 50 மீட்டரில் பின்விளக்கில்லாத மாட்டுவண்டி இருக்கலாம். பழுதாகி நிற்கும் லாரி இருக்கலாம். அவர் தடுமாறி வலப்பக்கம் ஒதுங்கினால், வந்து மோதுவது நம் வண்டியின் மீதுதான்.

வயது முதிர்ந்தவர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இருபது வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை எட்டுகிறது. கண்புரை தொடங்கியிருந்தால், கூசும் ஒளி விழிவில்லையினுள்ளேயே சிதறிக் காட்சி முழுவதையும் வெண்புகையாக்கிவிடும். நீலம் கலந்த வெண்மை ஒளி, மஞ்சள் கலந்த ஒளியைவிடக் கூடுதலாகக் கண்ணை உறுத்துகிறது. அதிகாலையில் ஃபஜ்ருத் தொழுகைக்காகச் சாலையோரமாகப் பள்ளிவாசலை நோக்கி நடக்கும் நம் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். எதிரே வரும் ஒளியில் கண் இருண்டு, காலடி தெரியாமல் தடுமாறுபவர் நம்முடைய வாப்பாவாகவும் இருக்கலாம்.

சட்டம் சொல்வது

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி இதற்கென்றே உள்ளது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூச்சம் ஏற்படாதவாறு ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். அல்லது ஓட்டுநர் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது அது. முகப்பு விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டும் பழைய வழக்கம் பலருக்கு நினைவிருக்கும். அதன் நோக்கமும் இதுவே.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவில், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் நிறைவேறிய திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

செலவில்லாத சீர்திருத்தம்

அப்படியானால் மங்கல் விளக்கோடு காலம் தள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. பெரும்பாலும் குறை பல்பில் இருப்பதில்லை. பின்வருமாறு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

1. கண்ணாடி. இப்போதைய வண்டிகளின் விளக்கு மூடி, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். வெயிலில் அது மஞ்சளித்து மங்கும். நுண்ணிய வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்து, மெருகேற்றி, வெயிலைத் தாங்கும் பூச்சு பூசினால் ஒளி மீளும். முன்புறப் பெருங்கண்ணாடியின் உட்பக்கத்தையும் துடையுங்கள்; அங்கே படியும் மென்படலம் எதிர் விளக்கைப் பன்மடங்கு சிதறடிக்கும்.

2. மின்னழுத்தம். பல்புக்கு வரும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். துருவேறிய எர்த் இணைப்பும், மெல்லிய பழைய கம்பியும் இவ்வாறு ஒளியைத் திருடுகின்றன. இயந்திரம் ஓடும்போது பாட்டரி முனையிலும் பல்பின் முனையிலும் வோல்ட்டை அளந்து ஒப்பிடுமாறு எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். வேறுபாடு மிகுதியாக இருந்தால், பாட்டரியிலிருந்து தடித்த கம்பியை ஃபியூஸ், ரிலே வழியாகக் கொண்டுவரச் செய்யலாம். அதே 60/55 வாட் பல்பே புதிய பல்பு போல எரியும்.

3. பல்பு. நாள்பட்ட பல்பு மங்கும். பெயர்பெற்ற நிறுவனத்தின் 60/55 வாட் பல்புகளை இரு பக்கத்துக்கும் ஒருசேர மாற்றுங்கள். கூடுதல் ஒளி தரும் என்று விற்கும் சில ஹாலஜன் பல்புகளும் அதே வாட்டில் கிடைக்கின்றன. ஆயுள் குறைவு என்றாலும் அவை ஒளிக்கோட்டைக் கெடுப்பதில்லை. பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகைச் சூடேறி வெடிக்கும்.

4. கோணம். இதுவே தலையாயது. டயர்களில் சரியான காற்றுடன், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்க, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். டிம் ஒளியின் எல்லைக்கோடு அந்தக் குறிக்கு 5 செ.மீ. கீழே விழ வேண்டும். விளக்கின் உயரம் 70 செ.மீ. என்றால், அப்போது ஒளி 70 மீட்டர் வரை சாலையில் நீளும். விளக்கு ஒரே ஒரு பாகை மேலே திரும்பினாலும், 50 மீட்டர் தொலைவில் ஒளி 87 செ.மீ. உயர்ந்து, எதிரே வரும் சிறு காரின் ஓட்டுநருடைய கண்ணுயரத்தை நெருங்கிவிடும்.

5. பாரம். பின்னிருக்கை நிறைய ஆட்களும், டிக்கி நிறையப் பெட்டிகளும் ஏறினால் வண்டியின் முன்பகுதி நிமிரும், விளக்கும் நிமிரும். பல கார்களில் ஸ்டியரிங் அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் ஒன்று இருக்கும். பாரம் ஏறும்போது அதைத் திருப்பி ஒளியைத் தாழ்த்துவதற்காகவே அது வைக்கப்பட்டுள்ளது. விமான நிலையத்திலிருந்து பெட்டிகளோடு திரும்பும்போது அதனை மறவாதீர்கள்.

இத்தனையும் செய்தபின் குறை நீடித்தால், உங்கள் கார் வகைக்கே தயாரிப்பாளர் அளிக்கும், நம் நாட்டுத் தரச்சான்று பெற்ற முழு விளக்குத் தொகுதி கிடைக்கிறதா என்று அவருடைய சேவை நிலையத்தில் கேளுங்கள். மாற்றுவதாயின் ஒளிமூலமும், ரிஃப்ளெக்டரும், கண்ணாடியும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு முழுமையாக மாற்ற வேண்டும்.

எவ்வளவு சிறந்த விளக்காயினும், எதிரே வண்டி வரும்போது பிரைட்டிலேயே வைத்திருப்பவர் கையில் அது தீங்காகிவிடும். முன்னே செல்லும் வண்டியின் பின்னாலும் டிம்மிலேயே செல்லுங்கள். அவருடைய கண்ணாடியிலும் நம் ஒளி விழுகிறது.

அன்பர்களே! இருட்டுச் சாலையில் இரு வண்டிகள் சந்திக்கும் சில வினாடிகளில், நம் உயிர் எதிரே வருபவரின் பார்வையை நம்பியிருக்கிறது. அவர் உயிர் நம் விளக்கை நம்பியிருக்கிறது. அடுத்த இரவுப் பயணத்துக்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். ஒரு சுவர், ஓர் அளவுநாடா, ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி போதும். புதிய பல்புக்கு விலை கேட்கும் முன், உங்கள் விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.